இரண்டாம் மாடியின் மெரூன் தரை

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்வது எனக்குப் பழக்கம் இல்லை. ஒரே ஒரு முறை சொன்னேன். அதன் அடையாளம் இன்றைக்கும் திருப்பூரில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், லிஃப்டுக்கு இடது பக்கத்து மூலையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். டிக்கெட் கிடையாது.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. தினமும் கரண்ட் கட் இருந்த காலம். பொங்கலூர்ப் பக்கமிருந்து திருப்பூருக்குக் குடி வந்திருந்தோம். வீட்டுக்காரர் பழனிசாமி ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நான் நாலு மாடிக் காம்ப்ளக்ஸ் ஒன்றில் கூட்டித் துடைக்கிற வேலை. பனியன் கம்பெனி ஆபீஸ்கள், நூல் கடை, பட்டன் கடை, ஒரு ஆடிட்டர் என்று பதினாறு கதவுகள். கதவுக்கு உள்ளே அவரவர் பாடு. கதவுக்கு வெளியே இருக்கிற காரிடார், மாடிப்படி, லிஃப்ட், கக்கூஸ் எல்லாம் எங்கள் பாடு. எங்கள் என்றால் நானும் ஜெபமணி அக்காவும்.

ஜெபமணி அக்கா திருநெல்வேலிப் பக்கம். வயது ஐம்பது. வீட்டுக்காரர் இல்லை. மகள் நர்ஸிங் முதல் வருஷம். முழங்கால் இரண்டும் போய்விட்டது. வாய் மட்டும் புதுசு போல வேலை செய்தது.

ஆறு வருஷமாக ஆளுக்கு ஒரு விளக்குமாறு, ஒரு பக்கெட், ஒரு பனியன் துணி. யாரும் குறை சொன்னதில்லை. யாரும் தரையைப் பார்த்ததே இல்லை என்பதுதான் காரணம்.

அந்த நேரம் பார்த்து செக்ரட்டரியின் மச்சானுக்கு வயிற்றில் ஆபரேஷன்.

காம்ப்ளக்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி சென்னியப்பன். கீழ்த்தளத்தில் பட்டன், ஜிப் கடை வைத்திருந்தவர். மச்சானைப் பார்க்கக் கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே தரையில் அவர் முகம் தெரிந்ததாம். (மச்சான் எப்படி இருக்கிறார் என்று கேட்டவர்களுக்கும் தரையைப் பற்றித்தான் சொன்னார்.) இத்தனை காலம் கண்ணாடியில் பார்த்த முகத்தைத் தரையிலும் பார்க்க ஒருவருக்கு ஏன் ஆசை வர வேண்டும் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

அடுத்த வாரம் மீட்டிங் போட்டார். எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“கோயமுத்தூர்ல ஒரு க்ளீனிங் கம்பெனி இருக்குதுங்க. அவங்க ஆளு, அவங்க மிஷினு. நம்முளுக்கு ஒரு ரோதனையும் இல்ல,” என்றார்.

“அப்ப நாங்க?” என்றார் ஜெபமணி அக்கா.

செக்ரட்டரி ஃபேனைப் பார்த்தார். ஃபேன் ஓடவில்லை. கரண்ட் கட். இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆடிட்டர்தான் வாயைத் திறந்தார். “ஆறு வருசமா இருக்கறவங்க. மிஷினை மட்டும் வாடகைக்கு எடுத்துப் பாப்போமுங்க. இவங்க ஓட்டுனா இருக்கட்டும். ஓட்டத் தெரியலீன்னா கோயமுத்தூர்க்காரங்க வரட்டும். ஏனம்மா, மிஷின் ஓட்டத் தெரியுமா?”

ஜெபமணி அக்கா என்னைப் பார்த்தார். அவர் முழங்கால்களை வைத்துக்கொண்டு வேறு எந்தக் கம்பெனி வாசலிலும் நிற்க முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“தெரியுமுங்க. நிட்டிங் கம்பெனில மூணு வருசம் மிஷின்லதானுங்க இருந்தேன்,” என்றேன்.

இருந்தது உண்மை. மிஷினுக்கு அடியில் இருந்தேன். பஞ்சு கூட்டிக்கொண்டு.

“சரி. வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு வந்து பாப்போம். ரெண்டாவது மாடிக் காரிடாரைச் செஞ்சு காட்டுங்க. அன்னைக்கே முடிவு,” என்றார் செக்ரட்டரி.

வெளியே வந்ததும் ஜெபமணி அக்கா பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி, நீ எப்போ மிஷின் ஓட்டுன?”

“ஓட்டுல.”

“பொறவு?”

“நீங்க சும்மா இருங்கக்கா.”

“நான் சும்மாதாம்ட்டி இருக்கேன். வெள்ளிக்கிழமைக்குப் பொறவு ஊர்லயும் போயிச் சும்மாத்தான் இருக்கப் போறேன்.”

புதன்கிழமை மிஷின் வந்தது. கூடவே சொல்லிக் கொடுக்க தினேஷ் என்று ஒருவர். முழுக்கைச் சட்டை, டை. தரை துடைக்கச் சொல்லித் தர டை கட்டி வந்த ஆளை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

முதல் பாடம் கலர்.

“கக்கூசுக்குச் செவப்பு மாப். காரிடாருக்கு நீலம். இது அங்க போகக் கூடாது, அது இங்க வரக் கூடாது. கலரை ஞாபகம் வச்சுக்குவீங்களாக்கா?”

ஒரே சிவப்பில் நாற்பது ஷேடு பிரித்துச் சண்டை போடுகிற ஊரில் வந்து கேட்கிறார். வச்சுக்குவோம் என்றேன்.

இரண்டாவது பாடம் பக்கெட். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒன்றில் மருந்துத் தண்ணீர், மற்றதில் அலசுகிற தண்ணீர். அழுக்கு மாப்பை அலசாமல் மருந்தில் முக்கினால் அழுக்கைத்தான் திரும்பப் பூசுகிறோம் என்றார். (அதாவது ஆறு வருஷமாக நாங்கள் தரையை அழுக்கால் மெழுகியிருக்கிறோம். அதை மரியாதையாகச் சொன்னார்.)

மூன்றாவது பாடம் எட்டு. மாப்பை முன்னால் தள்ளித் தள்ளித் துடைக்கக் கூடாதாம். பின்னால் நடந்துகொண்டே தரையில் எட்டுப் போட வேண்டுமாம். எட்டுப் போட்டால் ஆர்.டி.ஓ. ஆபீசில் லைசென்ஸ் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே பழைய வேலையே திரும்பக் கிடைக்கும். ஜெபமணி அக்கா போட்டுப் பார்த்தார். பாதி எட்டில் முழங்கால் நின்றுவிட்டது.

நான்காவது, மஞ்சள் போர்டு. அதில் ஒரு மனிதன் கால் வழுக்கி விழுந்துகொண்டிருந்தான். ஈரம் காயும் வரை அதை நடுவில் வைக்க வேண்டும்.

“ஆளு விழுவான்னு தெரிஞ்சே படம் போட்டு வச்சிருக்காவ,” என்றார் ஜெபமணி அக்கா.

கடைசியாக மிஷின். கீழே பெரிய தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டத் தட்டு. அதற்கு அடியில் ஒட்டிக்கொள்கிற பேட். மேலே மோட்டார். அங்கிருந்து இடுப்பு உயரத்துக்கு ஒரு கைப்பிடி.

“சுவிட்சை அமுக்கிப் பிடிச்சா தட்டு சுத்தும், விட்டா நின்னுரும். கைப்பிடியைத் துளி மேல தூக்குனா மிஷின் வலது பக்கம் போகும். துளி எறக்குனா இடது பக்கம் போகும். தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது. அதோட சண்டை போடாதீங்க,” என்றார் தினேஷ்.

பேட் மூன்று கொடுத்தார். தினப்படி தேய்க்கச் சிவப்பு. பளபளப்புக்கு வெள்ளை. பழைய கறையைச் சுரண்டக் கறுப்பு. “கறுப்பைச் சும்மா சும்மா தொடாதீங்க, தரை பாலிஷையே பேத்துரும். ஒவ்வொண்ணும் ஒண்ணொண்ணுதான் இருக்குது. கிழிஞ்சா கோயமுத்தூர்ல இருந்துதான் வரோணும். பாத்துப் பொழங்குங்க. புரிஞ்சுதாக்கா?”

“புரிஞ்சுதுங்க.”

அரை நிமிஷம் ஓட்டிக் காட்டினேன். கைப்பிடியின் ஒரு பக்கத்தை அவர் பிடித்திருந்தார். அந்தப் பக்கம்தான் ஓட்டியது என்பது மறுநாள் தெரிந்தது.

வியாழக்கிழமை மிஷின் என்னை ஓட்டியது.

சுவிட்சைப் போட்டதும் பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துத் தூக்கினேன். வலது பக்கம் பாய்ந்தது. ஆடிட்டர் ஆபீஸ் கதவில் போய் முட்டியது. ஆடிட்டர் “யெஸ், கம் இன்,” என்றார். கதவைத் திறந்து நானும் மிஷினும் உள்ளே போவதற்குள் கைப்பிடியை அமுக்கினேன். இடது பக்கம் பாய்ந்தது. எதிர்க் கடை வாசலில் அடுக்கியிருந்த நூல் கோன்கள் நாலு திசையிலும் உருண்டன. நான் சுவிட்சை விடவில்லை. விட்டால் நின்றுவிடும் என்பது அப்போது ஞாபகத்தில் இல்லை. மிஷினைப் பிடித்திருக்க வேண்டும் என்பது மட்டும் ஞாபகத்தில் இருந்தது.

ஜெபமணி அக்கா போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

“ஏட்டி, நீ அத ஓட்டுதியா, அது ஒன்ன ஓட்டுதா?”

“பழகுதுங்க்கா.”

“எது, நீயா அதுவா?”

மத்தியானத்துக்குள் ஒரு வழியாக எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை ஏற்பட்டது. ஆனால் சிவப்புப் பேடின் ஓரம் ஆடிட்டர் வாசற்படியில் பட்டு நார் நாராகப் பிரிந்திருந்தது. ஒரே நாளில் இந்த நிலைமை. பார்த்துப் புழங்கச் சொன்னவர் டை கட்டியவர். நாளைக்குச் செக்ரட்டரி பேடைத் திருப்பிப் பார்த்தால் என்ன சொல்வது?

சாயந்திரம் வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“அயர்ன் டேபிள் மேல கம்பளி விரிச்சுருக்குதல்ல, அது தேயாம இருக்க நாங்க என்ன பண்றோம்?”

“பனியன் துணியை இழுத்துக் கட்டறீங்க.”

“அதையே அதுக்கும் கட்டு.”

(இந்த யோசனையைத் தான் சொல்லவே இல்லை என்று இன்று வரை சாதிக்கிறார். அவர் ரசம் சாப்பிட்ட தட்டு சாட்சி.)

யோசனை எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் பனியன் துணி கட்டாத பொருள் கிடையாது. வண்டி சீட்டுக்குப் பனியன் துணி. தலையணைக்கு உள்ளேயும் அதுதான், மேலேயும் அதுதான். டிவிக்குப் போர்வை, குழந்தைக்குத் தொட்டில், மெக்கானிக் கைக்குத் துடைப்பான். கோயமுத்தூர் மிஷின் மட்டும் என்ன உசத்தி?

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே போய்விட்டேன். பத்து மணிக்கு எங்கள் ஏரியாவில் கரண்ட் போகும். அதற்குள் மிஷின் வேலை முடிய வேண்டும்.

இரண்டாம் மாடியில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ். கோகுல் என்று ஒரு மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது அவர் உத்தியோகம். அன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தார். நெற்றியில் விபூதி கொஞ்சம் அதிகம்.

கதவோரம் இரண்டு மூட்டை வேஸ்ட் துணி கிடந்தது. மெரூன் கலர். கனமான துணி. தலைக்காணி உறை அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருந்தார்கள்.

“ஏனுங்க, இதுல ரெண்டு துண்டு எடுத்துக்கட்டுங்களா?”

“எடுத்துக்கங்கக்கா. மூட்டையோட எடுத்துக்கங்க. ஒண்ணுக்கும் ஆகாது.”

“நல்லாத்தானுங்க இருக்குது? மெத்துமெத்துன்னு?”

“பையர் வேண்டாம்னுட்டாங்க.”

“ஏனுங்க?”

அவருக்குப் போன் வந்தது. (வராமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.) போனைப் பொத்திக்கொண்டு, “அக்கா, பெங்களூர்ல இருந்து பையரோட க்யூ.சி. மேடம் வர்றாங்க. புது லாட் துணியப் பாத்து அவங்க பாஸ் பண்ணுனாத்தான் எங்களுக்குச் சோறு. காரிடாரு கண்ணாடியாட்டம் இருக்கோணும்,” என்றார்.

இருக்கும் என்றேன்.

நாலு துண்டை ஒன்றாகப் பிணைத்து, பேடுக்கு மேல் இழுத்து, சாக்குத் தைக்கிற ஊசியால் சுற்றித் தைத்தேன். மஞ்சள் போர்டை நடுவில் வைத்தேன். தினேஷ் சொன்ன பாடத்தோடு நானாக இரண்டு பாடம் சேர்த்தேன். ஒரு மூடி மருந்துக்கு நாலு மூடி. பச்சைத் தண்ணீருக்குப் பதில் சுடுதண்ணீர். சூடாக இருந்தால் அழுக்கு நன்றாக விடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. டை கட்டியவருக்கு மட்டும் தெரியவில்லை.

மிஷின் அன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டது. துளி தூக்கினேன், வலது. துளி இறக்கினேன், இடது. வழுக்கிக்கொண்டு போனது. காரிடார் ஓரத்தில் ஆரம்பித்துப் பின்னால் நடந்தபடி வந்தேன். வெளிச்சம் குறைவான காரிடார். இருந்தாலும் நுரை லேசாக ரோஸ் கலரில் வருவது தெரிந்தது.

எனக்குப் புல்லரித்தது.

வெற்றிலை! இத்தனை வருஷம் இந்த ஆண்கள் மூலையில் துப்பிய வெற்றிலைச் சாறு. நாங்கள் துணியால் துடைத்தும் போகாமல் தரைக்குள் இறங்கியிருந்தது. இப்போது மிஷின் உறிஞ்சி எடுக்கிறது. கோயமுத்தூர்க்காரன் கெட்டிக்காரன்தான் என்று நினைத்தேன். மருந்தை இன்னும் ஒரு மூடி ஊற்றினேன்.

ரோஸ் சிவப்பானது. சிவப்பு கெட்டியானது. நான் வேகத்தைக் கூட்டினேன். முதல் கதவில் இருந்து கடைசிக் கதவு வரை ஓர் இடம் விடவில்லை. லிஃப்ட் வாசலையும் விடவில்லை. ஒழுங்காக வேலை செய்வது என்று இறங்கிவிட்டால் நான் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

ஜெபமணி அக்கா கீழ் மாடி வேலையை முடித்துவிட்டு, இரண்டு பக்கெட்டோடு படியேறி வந்தார். கடைசிப் படியில் நின்றார். பக்கெட்டைக் கீழே வைத்தார்.

“யம்மா. யாரட்டி அறுத்துப் போட்ட?”

“வெத்தலக் கறைங்க்கா! பாருங்க எப்படி உடுதுன்னு!”

“ஏட்டி, இம்புட்டு வெத்தல ஒலகத்துலயே கெடையாது.”

மிஷினை நிறுத்தினேன். சாய்த்துப் பார்த்தேன். சுற்றித் தைத்த துணி வெளுத்துப் பழைய செங்கல் கலருக்கு வந்திருந்தது. மற்றபடி அதில் இருந்த மெரூன் முழுவதும் எங்கே போயிருக்கிறது என்று தேட வேண்டிய அவசியம் இல்லை. நான் அதன் மேல் நின்றுகொண்டிருந்தேன்.

“மாப்பப் போடுங்க, மாப்பப் போடுங்க,” என்றேன்.

அவர் மாப்பைப் போட்டார். மருந்துத் தண்ணீரும் மெரூன், அலசுகிற தண்ணீரும் மெரூன். இரண்டு பக்கெட் முறைப்படி ஒரே கலரைப் பூசினோம். முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் அக்கா எட்டும் போட்டார். அன்றைக்கு எட்டு அழகாக வந்தது. மெரூன் கலரில் இருந்ததால் நன்றாகத் தெரியவும் செய்தது.

பத்து மணி. கரண்ட் போனது.

கரண்ட் போனால் மிஷின் மட்டும் நிற்காது, லிஃப்டும் நிற்கும். லிஃப்ட் நின்றால் எல்லாரும் படி வழியாகத்தான் வர வேண்டும். வந்தார்கள்.

முதலில் செக்ரட்டரி, பின்னால் ஆடிட்டர். செக்ரட்டரி மஞ்சள் போர்டுக்கு முன்னால் வந்து நின்றார். குனிந்தார். தரை நல்ல ஈரம், நல்ல பளபளப்பு. அவர் ஆசைப்பட்டபடியே அவர் முகம் அதில் தெரிந்தது. மெரூன் கலரில்.

“என்னம்மா இது?” என்றார்.

“போர்டு வச்சிருக்கறனுங்க,” என்றேன். சரியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

அவர் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் படியில் செருப்புச் சத்தம். கோகுலும் க்யூ.சி. மேடமும். மேடம் கண்ணாடி போட்டவர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெரிய பை. கோகுல் தரையைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நெற்றி விபூதி வேர்வையில் இறங்க ஆரம்பித்தது.

மேடத்துக்கு இங்கிலீஷில் ஏதோ சிரித்துச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். “அக்கா, சாமியாட்டம் கும்படறேன். இது எங்க துணின்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க.”

“எனக்குத் தமிழ் தெரியும். சொந்த ஊர் சேலம்,” என்றார் மேடம்.

கோகுல் சுவரில் சாய்ந்துகொண்டார்.

மேடம் குனிந்து பையில் இருந்து ஒரு வெள்ளைத் துணித் துண்டை எடுத்துத் தரையில் தேய்த்தார். துண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இந்தத் துணி எங்கேம்மா எடுத்தீங்க?”

கோகுல் கண்ணை மூடியிருந்தார். செக்ரட்டரி திறந்திருந்தார். ஒரு வாரத்தில் ஒரு பொய் சொல்லி வந்த வினையே காரிடார் நீளத்துக்குக் கிடந்தது. இரண்டாவது பொய்க்கு மூன்றாம் மாடிதான் போக வேண்டும்.

“இவரு ஆபீஸ்லதானுங்க. ரெண்டு மூட்டை கெடக்குது. மூட்டையோட எடுத்துக்கச் சொன்னாரு. ஒண்ணுக்கும் ஆகாதுன்னு சொன்னாருங்க.”

“முழுத் துணியாவா?”

“இல்லீங்க. துண்டு துண்டா வெட்டிக் கெடக்குது.”

மேடம் போய் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். பையில் இருந்த கலர் அட்டையோடு வைத்துப் பார்த்தார். “சாயம் நிக்கலைன்னு நான் தள்ளிவிட்ட லாட்,” என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. தண்ணீர் பட்டாலே சாயம் விடும் என்று தள்ளப்பட்ட துணி. உலகத்தில் எத்தனையோ துணி இருக்க, அதைத் தேடிப் பிடித்து, சுடுதண்ணீரும் அஞ்சு மூடி மருந்தும் ஊற்றி, மோட்டார் வைத்துத் தேய்த்திருக்கிறேன்.

மேடம் கோகுலிடம் திரும்பினார். “வெட்டி அழிச்சுட்டோம்னு மெயில்ல எழுதியிருந்தீங்க. நான் நம்பலை. சந்தையில வித்துருப்பீங்க, இல்லாட்டிப் புது லாட்டோட கலந்துருப்பீங்கன்னு நினைச்சேன். இப்ப நம்பறேன்.”

கோகுல் சுவரில் இருந்து நிமிர்ந்தார். விபூதியைத் துடைத்தார். “அதத்தான் மேடம் மொதல்ல இருந்தே சொல்லிட்டிருக்கோம். எங்க கம்பெனில ரிஜெக்ட்டுன்னா தரை தொடைக்கறதுக்குத்தான்,” என்றார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சாமியாகத் தெரிந்த நான் அவர் கண்ணுக்கு இப்போது தெரியவில்லை.

“புது லாட்டையும் இதே மாதிரி தேய்ங்க,” என்றார் மேடம்.

மிச்சச் சுடுதண்ணீர், அதே மருந்து. மாடிப்படித் திருப்பத்தில் சாயம் படாத வெள்ளை மொசைக். கரண்ட் இல்லாததால் கையால் தேய்க்க வேண்டும். என்னைத் தொட விடவில்லை. ஜெபமணி அக்கா உட்கார்ந்து தேய்த்தார். பதினாறு கதவுக்காரர்களும் வெளியே வந்து, படிக்கு இரண்டு பேராக நின்று பார்த்தார்கள். ஆறு வருஷத்தில் நாங்கள் துடைப்பதை யாராவது நின்று பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

“வெள்ள நுரைதாம்மா வருது,” என்றார் அக்கா.

லாட் பாஸ். கோகுல் கை தட்டினார். கடைக்காரர்களும் எதற்கு என்று தெரியாமலே தட்டினார்கள். பிறகு கோகுல் எனக்கு அந்தப் புது லாட்டில் ஒரு டி-ஷர்ட் கொடுத்தார். சாயம் போகாதாம். நான் இன்னும் நனைத்துப் பார்க்கவில்லை.

எல்லாரும் உள்ளே போனதும் செக்ரட்டரி மட்டும் நின்றார்.

“அவுங்கவுங்க சோலி முடிஞ்சுது. என்ற தரைக்கு என்ன பதில்?”

நான் மிஷின் ஒயரைச் சுருட்டினேன்.

“கோயமுத்தூர்க்காரங்களை இன்னைக்கே வரச் சொல்லப் போறேன்,” என்றார்.

“வரச் சொல்லுங்க. வந்ததும் மொதல்ல இந்தக் கறைய எடுக்கச் சொல்லுவீங்க. இது நாங்க பண்ணுன கறையா, தனியாக் காசு குடுங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?” என்றார் ஆடிட்டர்.

செக்ரட்டரி மறுபடியும் ஃபேனைத் தேடினார். காரிடாரில் ஃபேன் இல்லை. வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

“இந்தக் கறை முழுசாப் போற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இங்கிருந்து நகரக் கூடாது. போனதுக்கப்பறந்தான் உங்களை அனுப்புவேன். அது வரைக்கும் வேற யாரும் வரப் போறதில்ல!”

அவர் போன பிறகு ஜெபமணி அக்கா கேட்டார். “ஏட்டி, இவுக திட்டுதாகளா, வேல குடுக்காகளா?”

“தெரியலீங்க்கா. கறுப்புப் பேடை எடுங்க.”

தினேஷுக்குப் போன் போட்டேன். “கறுப்பு பேட்தானக்கா? இப்பத் தொடலாம்,” என்றார். சிரிப்பை அடக்கினாரா என்று தெரியவில்லை. டை இறுக்கமாக இருந்திருக்கலாம்.

தினமும் காலையில் தேய்த்தோம். முதல் மாசம் மெரூன் சிவப்பானது. இரண்டாம் மாசம் ரோஸ் ஆனது. மூன்றாம் மாசம் வெள்ளை தெரிந்தது. அதற்குள் எனக்கு மிஷின் வசப்பட்டிருந்தது. ஒரு கையால் ஓட்டுவேன். மறு கையால் ஆடிட்டருக்கு வணக்கம் வைப்பேன். இப்போது தினேஷ் கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்களை என்னிடம்தான் அனுப்புகிறார்கள், பழகிக்கொள்ள. நான் டை கட்டுவதில்லை. பேடுக்கு மேல் எதுவும் கட்டாதே என்பது என் முதல் பாடம்.

கறை எல்லா இடத்திலும் போனது, ஒரு இடம் தவிர. லிஃப்டுக்கு இடது பக்கத்து மூலையில் ஒரு சாண். வட்டமான மிஷின் மூலைக்குள் போகாது. உட்கார்ந்து கையால் அரை மணி நேரம் தேய்த்தால் போய்விடும்.

தேய்க்கவில்லை.

செக்ரட்டரி மாசா மாசம் வந்து பார்ப்பார்.

“இன்னும் போகலியா?”

“மூலைங்க. மிஷின் எட்டாதுங்க.”

“முழுசாப் போகோணும்.”

“போயிருமுங்க.”

ஜெபமணி அக்கா மகள் நர்ஸிங் முடித்தாள். கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அக்காவும் அவளோடு போய்விட்டார். அங்கே தரையில் முகம் தெரிகிறதாம். போனில் சொன்னார். “வெள்ளையாத்தான் தெரியுது. நம்ம தரை மாதிரி வராதுட்டி.”

எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்ல என்னை விடுவதில்லை. வீட்டுக்காரர்தான் சொல்வார், அவர் யோசனையை மட்டும் விட்டுவிட்டு. தீபாவளிக்குத் துணி எடுத்து வந்தால், “அம்மா, தரையில ஒரு தேய் தேச்சுக் குடு,” என்பாள் மகள் கவிதா. அவள் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மெரூன் கலர் பட்டுச் சேலை கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சம்பந்தியம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. அப்புறம் மாப்பிள்ளையை இரண்டாம் மாடிக்குக் கூட்டிப்போய் மூலையைக் காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனது.

இன்றைக்கும் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது வீட்டுக்காரர் உள்ளே இருந்து கேட்பார்.

“சரசு, கறை போச்சா?”

“இன்னும் இல்லீங்க.”

“அப்ப நாளைக்கு வேலை இருக்குது,” என்று டிவிக்குத் திரும்பிக்கொள்வார்.